கைப்பிடி இல்லாமல் வந்த மெஷின்

விவாகரத்து முடிந்த வாரம் சின்னவள் கணவன் வீட்டிலிருந்து எடுத்து வந்தது இரண்டு பெட்டித் துணியும் ஓர் எஸ்பிரெஸோ மெஷினும்தான். கட்டில் இருந்தது, பீரோ இருந்தது, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வாஷிங் மெஷின் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, இடுப்பு ஒடிகிற கனத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்து நின்ற தங்கையை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "கேக்கறவங்க சிரிப்பாங்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

ஏன் அதை எடுத்தாள் என்று சின்னவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறு வருஷம் அது அவள் கண்ணெதிரே இருந்தது. ஒருநாள்கூட அவள் அதில் காபி போட்டதில்லை. போடக்கூடாது என்று அவன் தடை ஒன்றும் விதிக்கவில்லை. "உனக்கு இது பிடிபடாது, விடு" என்பான், அதுவும் சிரித்துக்கொண்டே. யாராவது வந்துவிட்டால் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி அதன்முன் நிற்பான். எல்லாரும் குடித்து முடித்த பிறகு கோப்பைகளையும் மெஷினின் கைப்பிடியையும் கழுவி வைப்பது அவள் வேலை. இத்தனைக்கும் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சட்டத்துக்குள் லென்ஸ் மயிரிழை பிசகாமல் உட்காரும்வரை பட்டை தீட்டுவதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. அவள் கைக்குப் பிடிபடாதது என்று கடையில் யாரும் எதையும் சொன்னதில்லை.

அக்கா வீட்டில் துணி தேய்க்கும் மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி இரண்டு மாதம் கிடந்தது. அதைப் பிரித்தது அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். வானொலி என்றுதான் அவருக்குப் பெயர். வாய் ஓய்ந்திருந்தால் மனிதர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாமல் மழை. யாரையும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து ஒட்டுநாடாவைக் கிழித்துவிட்டார்.

மூவருமாகத் தூக்கிச் சமையல் மேடையில் வைத்தார்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமியது, விளக்கு எரிந்தது. அப்போதுதான் சின்னவள் கவனித்தாள். காபித்தூளைப் போட்டு மாட்டுகிற கைப்பிடியைக் காணோம். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தும் இல்லை. பிறகு ஞாபகம் வந்தது. கடைசி நாள் காலையில் அவளே அதைக் கழுவிப் பாத்திரக்கூடையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஒரு போன் போட்டுக் கேட்டா குடுத்துடப் போறான்" என்றாள் அக்கா.

"ஒரு கைப்பிடிக்காக அந்தக் குரலை நான் கேக்கணுமாக்கா?"

அக்கா கவிழ்த்த பெட்டியை மடித்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் சின்னவள் கடையிலிருந்து, லென்ஸின் குறுக்களவு பார்க்கும் அளவுக் கவட்டையைக் கேட்டு வாங்கி வந்தாள். மெஷினின் வாயை அளந்தாள். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். உள்ளே கைப்பிடி பூட்டிக்கொள்கிற பள்ளம் இரண்டு. அதைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு, காபிக்கடை மெஷின்களைப் பழுது பார்க்கும் பெண்மணி ஒருத்தியைத் தேடிப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடை. அந்தப் பெண்மணி தாளைப் பார்த்தாள். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டாள். மூடிப்போன கடைகளின் கைப்பிடிகள் அதில் குவிந்து கிடந்தன.

இதே கம்பெனிதான் வேண்டுமோ என்று சின்னவள் தயங்கினாள்.

"வாய் பொருந்தினா போதும்மா. பேரு பொருந்தணும்னு இல்ல" என்றாள் அந்தப் பெண்மணி. கொஞ்சம் ஆடினால் மாற்றிக்கொள்ளட்டும் என்று தடிமனான ஒரு ரப்பர் வளையத்தையும் சேர்த்துக் கொடுத்தாள்.

கைப்பிடி ஆடத்தான் செய்தது. வளையத்தை மாற்றியதும் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. ஆனால் கைப்பிடி கிடைத்துவிட்டால் காபி கிடைத்துவிட்டது என்று ஆகுமா? முதல் கோப்பை எட்டே விநாடியில் தண்ணீராகப் பாய்ந்தது. வானொலி ஒரு மிடறு குடித்துவிட்டு, துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்று அறிவித்தார். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. அரவை போதவில்லை என்று நினைத்து, மெஷினோடு சேர்ந்தே இருந்த அரவையில் அவள் கொட்டையை மாவாக அரைத்தாள். இந்தத் தடவை மெஷின் முக்கி முனகியதே தவிர ஒன்றும் வரவில்லை. வந்த நாலு சொட்டும் கரிக்கட்டையாகக் கசந்தது. அடுத்த வாரமும் இதே கதைதான். அரவையையும் தூளின் அளவையும் ஒரேயடியாக மாற்றுவாள், எதனால் எது ஆனது என்று புரியாது. தெறித்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உனக்கு இது பிடிபடாது என்று சிரிக்கிற குரல் காதுக்குள் கேட்டது. துணியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு லென்ஸ் சட்டத்துக்குள் இறங்க அடம்பிடித்தது. அவள் ஓர் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தேய்த்தாள், வைத்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். இரண்டு ஓரத்தை ஒன்றாகத் தேய்த்தால் லென்ஸ் பாழ். தொழிலுக்கு வந்த முதல் வாரமே அவள் கற்றுக்கொண்டது அது. கை பாதியில் நின்றது. அடச்சே, இவ்வளவுதானா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அதன்பிறகு தூளின் அளவைத் தொடவே இல்லை. புதிதாக வாங்கிய சின்னத் தராசில் பதினெட்டு கிராம், எப்போதும் பதினெட்டு. அரவைக் குமிழை மட்டும் ஒவ்வொரு சொடுக்காக நகர்த்தினாள். எத்தனை விநாடியில் முப்பத்தாறு கிராம் காபி இறங்குகிறது என்று பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதினாள். பதினான்கு. பத்தொன்பது. இருபத்துமூன்று. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டு விநாடி எடுத்துக்கொண்டு, கைப்பிடியின் மூக்கிலிருந்து பழுப்பு நிறத்தில், தையல் நூல் பருமனில், அறுபடாமல் இறங்கியது. கோப்பையை வாங்கிக் குடித்த வானொலி ஒன்றுமே பேசவில்லை. மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கா குளியலறையிலிருந்து ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து அவன் போன் செய்தான். காலை நேரம், அவள் பாலை நீராவியில் நுரைக்க வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்த பிறகுதான் யாரென்று தெரிந்தது. சண்டைக் குரல் இல்லை. கைப்பிடி பாத்திரக்கூடையிலேயே கிடக்கிறது என்றான். அது இல்லாமல் மெஷின் வெறும் டப்பாதானே, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், தானே வந்து மெஷினை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"வேணாம். வேற கைப்பிடி கெடச்சிடுச்சு."

"வருதா?" என்றான்.

"இருபத்தெட்டு செகண்டுல வருது."

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். "ம். நல்லாத்தான் வருது அப்ப" என்றான். பிறகு வைத்துவிட்டான். போனைக் கீழே வைத்தபின் சின்னவள் பால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பால் சூடு ஏறிக் கெட்டுப்போயிருந்தது. கொட்டிவிட்டு வேறு பால் ஊற்றினாள்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்தாள். வீட்டுக்காரர் ஜன்னலையும் தண்ணீர்க் குழாயையும் காட்டக் காட்ட, அவள் சமையல் மேடையைக் கையால் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று கேட்டாள். அக்காவுக்கு மனசே இல்லை. இங்கே என்ன குறை வைத்தேன் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குறை ஒன்றும் இல்லை, தன் காலில் நின்று பார்க்கத் தோன்றுகிறது என்று சின்னவள் சொன்னபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரங்களை அவளே கட்டிக் கொடுத்தாள்.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அறையில் நாற்காலி ஒன்றுதான், கோப்பை இரண்டுதான். வானொலி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அக்கா ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லா வருதுடி" என்றாள்.

சின்னவள் இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு, பல் துலக்குகிற கண்ணாடிக் குவளையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள். தராசில் பதினெட்டு கிராம் எடுத்துத் தனக்கு அரைக்க ஆரம்பித்தாள்.