பொறப்படறதுக்கு முந்தி வந்த படகு

தொண்ணூத்தி ஆறாம் வருசம் ஆடி மாசம் நடந்த சிங்காநல்லூர் குளத்துப் பாய்மரப் போட்டியில, திருமூர்த்தியோட படகு போட்டி தொடங்கறதுக்கு முந்தியே ஜெயிச்சு வந்து நின்னுபோட்டுது. மொதல்ல பார்த்தது கரையில இட்லிக்கடை போட்டிருந்த சின்னத்தாயி. கையில இருந்த சட்னிக் குண்டாவைக் கீழ போட்டுட்டு அது கத்துன கத்துல அத்தனை சனமும் திரும்பிப் பார்த்துது. படகு இன்னும் தண்ணி படாம இக்கட்டால மேட்டுல கெடக்குது. அதே படகு அதே கரையோரம் அக்கட்டால தண்ணியில, பாயெல்லாம் நனைஞ்சு, முடிவுக் கவுத்தைத் தொட்டுட்டு நிக்குது. அதுல திருமூர்த்தியோட சம்சாரம் ராசாத்தா தனியா உக்காந்து சுக்கான் புடிச்சிருந்துது. திருமூர்த்தி உக்கார்ற எடத்துல அவரு பட்டறையில செய்யற அஞ்சு எச்.பி. மோட்டார் ஒண்ணு, தலைப்பக்கம் வெடிச்சு, அவரோட தொப்பியைப் போட்டுட்டு இருந்துது. தொப்பி பாதி கிழிஞ்சிருந்துது. இது எல்லாத்தையும் உட ஈரக்கொலையை நடுங்க வெச்சது என்னன்னா, ராசாத்தா சிரிச்சுட்டு இருந்துது.

குளத்துல பாய்மரப் படகு விடற கெரகம் நம்மூருக்கு வந்ததுக்கே திருமூர்த்திதான் காரணம். பம்பு மோட்டார் விக்க மெட்ராஸ் போனவரு, துறைமுகத்துப் பக்கம் அந்தப் போட்டியைப் பார்த்துப்போட்டு வந்து சோறு தண்ணி எறங்காமக் கெடந்தாரு. பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு பட்டறையில ஆறு ஃபைபர் படகு அடிச்சாங்க. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில போட்டாங்க. மில்லுல பெரிய வேலை பார்த்து ரிடையரான சென்னகேசவன் ஒரு விசில் வாங்கிட்டு வந்து போட்டிக்குச் செகரட்டரி ஆனாரு. காத்துக்குப் பஞ்சமில்ல, ஆடி வந்தாப் பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்து ஆளையே தூக்கும். வில்லங்கமெல்லாம் நம்ம சனத்தோட மரியாதையில இருந்துது. வலப்பக்கம் காத்து வாங்கற படகுக்கு மத்த படகு வழி விடோணும்னு சட்டம். இவங்க எல்லாருமே எல்லாருக்கும் வழி விட்டாங்க. நடுக்குளத்துல மிதக்க விட்டிருந்த டீசல் டிரம்மைச் சுத்தித் திரும்பற எடத்துல, "நீங்க போங்க", "அட, நீங்க மொதல்ல போங்ணா"ன்னு நின்னு நின்னு, மொத வருசப் போட்டி பொழுது சாஞ்சும் முடியல. மத்த அஞ்சு படகும் ஆகாயத்தாமரைக்குள்ள போய்ச் சொருகிக்கிச்சு. திருமூர்த்தி மட்டும் ஆருக்கும் வழி விடமாட்டாரு. அப்படியும் கோப்பை கெடைக்கல, ஏன்னா லாரித் தார்ப்பாயில தெச்ச அவரோட பாய் அவரை டிரம் வரைக்கும்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கல.

அந்தப் பாயைத் தெச்சவரு கோட்டைமேட்டு மைதீன் பிச்சை. ரெண்டாவது பாயைக் குடைத்துணியில தெச்சாரு. படகு ஏதோ ஓடுச்சு. மூணாவதுக்குக் கருமத்தம்பட்டித் தறியில சொல்லி, ஊசி போனாக்கூட ஓட்டை தெரியாத நெருக்கத்துல நைலான் ஓட்டி வாங்குனாரு. அதைக் கட்டி வெள்ளோட்டம் விட்டன்னைக்குச் சென்னகேசவன் விசிலை வாயில வெச்சாரு, ஊதறதுக்குள்ள படகு அக்கரையில. "யா அல்லா! நான் வெறும் தையல்தானுங்க போட்டேன்"னு மைதீன் பிச்சை நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. திருமூர்த்திக்குக் கால் தரையில நிக்கல. இந்த வருசம் கோப்பை நம்ம ஊட்டுக்குத்தான்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சாரு. ராசாத்தாளுக்கு வேலை முன்னாடி உக்காந்து கவுறு இழுக்கறது, படகு சாஞ்சா எதிர்ப்பக்கம் ஒடம்பைத் தொங்கவிடறது. அதையே வருசக்கணக்காச் செஞ்சதுல, தண்ணி எங்க கருக்குதோ அங்க காத்து எறங்குதுன்னு அதுக்கு அத்துப்படி. "ஏனுங்க, தெக்கால கருக்குதுங்க, அப்படி விடுங்க"ன்னு சொல்லும். "நீ கவுத்தை இழு"ன்னு இவரு கத்துவாரு. பாயோட அடித்தடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசறப்ப "குனீங்க"ன்னு சொல்லும். பொம்பளை சொல்லிக் குனியறதான்னு இவரு கடைசி நொடியில, வேண்டாவெறுப்பா, கொஞ்சூண்டு தலையைச் சாய்ப்பாரு.

இப்ப, போட்டியன்னைக்குக் கரையில, அத்தனை பேரும் வந்த படகையே பார்க்கறாங்க. மனுசன் மோட்டாரா மாறிட்டாரான்னு ஒருத்தன் கேட்டு அடி வாங்குனான். உசுரோட அங்கயே நிக்கற திருமூர்த்தி தன்னோட தலையில இருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்தாரு. அது என்னோட தொப்பிதானே, அப்ப நான் எங்கன்னு கேட்டாரு. படகுல வந்த ராசாத்தாகிட்டயே கேட்டுப் பார்த்தாங்க. அது காதுல வாங்காமச் சிரிச்சுட்டே இருந்துது. புருசனைக் குளத்துல தொலைச்சுப்போட்டு வந்து இளிக்கறதைப் பாருன்னு சனம் கூசாமப் பேசுச்சு. சென்னகேசவன் தொண்டையைச் செருமிக்கிட்டு, வந்தது வந்ததுதான், ஆனாப் போகாத படகை வந்ததாச் சேர்க்க முடியாது, அதனால போயே ஆகோணும்னு சட்டம் பேசுனாரு. திருமூர்த்திக்கு ஏறுனாச் சாவு, ஏறாட்டிப் பயந்தாங்கொள்ளிப் பட்டம். சுக்கான் கட்டையை நெஞ்சோட அணைச்சுட்டு நின்னாரு.

கரையில நின்ன ராசாத்தா தண்ணியோரம் போய், படகுல உக்காந்திருந்த தன்னையே ரொம்ப நேரம் பார்த்துட்டுத் திரும்பி வந்துது.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் அப்படிச் சிரிப்பனாங்க?"

அவரு கட்டையை இன்னும் இறுக்கிக்கிட்டாரு.

"நீங்க கரையில நிக்கறீங்க. உங்களைப் பார்த்துத்தான் அங்க நான் சிரிக்கறேன். கட்டையை இப்படிக் குடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஸ்கூட்டர் சாவியைக்கூடக் குடுக்காத மனுசன். குடுத்தாரு. குடுக்கறப்ப அழுதாரு, அதையும் சனம் பார்த்துது. அடிக்கற காத்துக்குப் படகுல எடை பத்தாதுன்னு பட்டறையில இருந்து மோட்டார் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து அவரு எடத்துல வெச்சுக் கட்டுனாங்க. திருமூர்த்தி தொப்பியைக் கழட்டி அதுக்குப் போட்டு, பறக்காம நாடாவை முடிஞ்சு உட்டாரு. நான் இப்படியாச்சும் போறேன்னாரு.

விசில் ஊதுனதும் ராசாத்தா தெக்கால கருத்த தண்ணிக்குப் படகை விட்டு, காத்தை வாங்கிட்டு டிரம்முக்குப் போச்சு. அங்க மத்த அஞ்சு படகும் வழக்கம்போல ஒருத்தருக்கொருத்தர் கை காட்டிட்டு நின்னுட்டு இருந்தாங்க. இதைப் பார்த்ததும் "அக்கா, நீங்க போங்க"ன்னாங்க. "சரிங்க"ன்னு சொல்லிட்டு ராசாத்தா போயிருச்சு. அஞ்சு படகுக்காரங்களும் காட்டுன கையைக்கூட எறக்கல. மரியாதைக்குச் சொன்னா "இல்லீங்க, நீங்க"ன்னுதானே சொல்லோணும்? சரிங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்ங்கறதே நம்மூருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

காத்தை முதுகுல வாங்கித் திரும்பி வர்றப்ப, கணவாய்க் காத்து சட்டுனு பக்கம் மாறி அடிச்சுது. பழக்கதோசத்துல "குனீங்க"ன்னு கத்திட்டு ராசாத்தா குனிஞ்சுது. மோட்டாருக்குக் குனியத் தெரியாது. தடி அடிச்ச சத்தம் கரை வரைக்கும் கேட்டுது. தொப்பி கிழிஞ்சுது, இரும்பு வெடிச்சுது. கரையில திருமூர்த்தி தன்னோட தலையைத் தடவிப் பார்த்துட்டே அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. ராசாத்தா மோட்டாரைப் பார்த்துது, கரையில புருசனைப் பார்த்துது, அப்பறம் சிரிச்சுது. சிரிச்சுட்டே வந்து, காலையில இருந்து அங்க நின்னுட்டிருந்த படகுக்குள்ள இந்தப் படகு போச்சு. அதுக்கப்பறம் ஒரே படகுதான் இருந்துது.

கோப்பை அவங்க ஊட்டு ஷோகேஸ்ல இருக்குது. வெடிச்ச மோட்டார் பூசை ரூமுல இருக்குது.

அடுத்த வருசம் ஆடியிலயும் படகு முந்தியே வந்து நின்னுது. சின்னத்தாயி ஒருக்காத் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு இட்லி ஊத்தப் போயிருச்சு. படகுல இந்தவாட்டி ரெண்டு பேரு. சுக்கான்ல ராசாத்தா, முன்னாடி கவுத்தோட திருமூர்த்தி, மூக்கு முழங்காலைத் தொடற மாதிரி குனிஞ்சு உக்காந்திருந்தாரு. கரையில நின்ன திருமூர்த்தி அதைச் சுத்திச் சுத்தி வந்து நல்லாப் பார்த்துக்கிட்டாரு. அப்பறம் ஆரும் சொல்லாமயே தன்னோட படகுல முன்னாடி ஏறி உக்காந்து, குனிஞ்சு, "இப்படித்தானே?"ன்னு கேட்டாரு.

"இன்னுங் கொஞ்சமுங்க"ன்னுது ராசாத்தா.