ஆறு பேர் படகு

தம்பி கட்டிய முதல் உல்லாசப் படகில் ஆறு பேர் போகலாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான். "நம்ம வீட்ல ஆறு பேரு. நாமளே உக்கார முடியாத படகை அடுத்தவங்களுக்கு விக்கலாமாக்கா?" என்பான். அவன், அவன் மனைவி, மகன், மகள், மாப்பிள்ளை, நான். கல்யாணம் வேண்டாமென்று தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள் நான். அந்த எண்ணிக்கையில் எனக்கும் இடம் இருந்ததில் உள்ளூரப் பெருமை. பட்டறையில் தகட்டில் எண் அடிப்பது என் வேலை. எத்தனை பேர், எத்தனை கிலோ என்று அடித்த தகடு இல்லாமல் புதுப்படகு விற்பனைக்குப் போகாது.

சோதிக்க வந்த அதிகாரியம்மா படகைத் தொட்டியில் இறக்கி, படகுக்குள்ளேயே விளிம்புவரை தண்ணீர் நிரப்பச் சொன்னார். நிரம்பினாலும் அது மூழ்கக் கூடாது, சாயவும் கூடாது. எடைக்கல் ஏற்றிய வண்டி வழியில் படுத்துவிட்டதால் எங்களையே ஏறச் சொன்னார். ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ கணக்கு. குறைகிறவர் மடியில் மணல் மூட்டை. என் மடியில் இருபத்தேழு கிலோ.

"அத்தை சாப்பிட்டதெல்லாம் எங்கதான் போகுதோ!" என்று மகள் சிரித்தாள்.

மார்பளவு தண்ணீரில் ஆறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அடியில் படகு இருக்கிறதா என்றே தெரியவில்லை. கூரை ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் எங்கள் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. என் முந்தானை மிதந்துபோய்த் தம்பி மனைவியின் கையைச் சுற்றிக்கொண்டது. அவள் விலக்கவில்லை. எல்லோரும் ஒரே எடை. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று கண் சொருகியது.

முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

"ஒரு ஆள் அதிகம். ஒருத்தர் இறங்குங்க. யார் இறங்கினாலும் ஒண்ணுதான்" என்றார் அதிகாரியம்மா.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் யோசிக்கக்கூட இல்லை. தம்பியும்தான்.

மூட்டையோடு இறங்கினேன். படகு நிமிர்ந்தது. "அஞ்சு" என்று எழுதிக்கொண்டார். படகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது.

ஈரம் சொட்டச் சொட்டத் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். தகட்டில் ஐந்து என்று அடித்துக் கொடுத்தேன். எண் பளிச்சென்று விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் ஏரியில ஒரு ரவுண்டு போயிட்டு வரோம்க்கா. வந்ததும் சூடா காபி மட்டும் போட்டுக் குடுத்துடு."

"சரிடா" என்றேன்.