சூளை பார்க்காத கல்

எங்கள் வீட்டுச் சுவர்க்கற்கள் சூளையைப் பார்க்காதவை. அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து, அச்சு இயந்திரத்தில் அழுத்தி எடுத்தவை. விறகு எரியவில்லை. வெளியிலிருந்து மண் வரவில்லை. அப்படித்தான் கட்ட வேண்டும் என்று என் மனைவி வரைந்து வைத்திருந்தாள். வீடு வரைவது அவள் தொழில். கதவு ஜன்னல்களை இடித்த வீடுகளில் தேடி வாங்கினாள். மண் சுவரில் மழை அடிக்காமலிருக்கக் கூரையை நன்றாக வெளியே நீட்டியிருந்தாள். சுவர் இடுப்பு உயரம் வந்தபோது காய்ச்சலில் படுத்தாள். எழவில்லை.

மகளை என் மனைவியின் அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மகளைக் கொசு என்று கூப்பிடுவோம். ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். "வீடு முடியட்டும், வந்து கூட்டிக்கிறேன்" என்றேன். அக்கா "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பள்ளி திறப்பதற்குள் அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

மிச்சச் சுவருக்குப் புதிதாகக் கல் அழுத்தினோம். "வேகாத கல்லு சார்" என்றார் மேஸ்திரி. "மூணு வாரத்துக்கு ஈரம் காயக் கூடாது. காஞ்சுதுன்னா பிஸ்கெட் மாதிரி உதிரும்."

அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காலையில் வங்கி வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, மாலையில் திரும்பியதும் ஒரு முறை. கோணிச் சாக்கைத் தூக்கி, குழாயால் நனைத்து, மறுபடி மூடுவேன். யோசிக்க ஒன்றுமில்லாத வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுண்ணாம்பு மூட்டைமேல் வைத்திருந்த என் போன் அடித்தது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கூப்பிட்டது அக்கா.

"சார் அந்தப் பக்கம் தண்ணி அடிச்சிட்டிருக்காரும்மா. ஆமா, காலையிலயும் உண்டு, சாயங்காலமும் உண்டு. லீவு நாள்னா மத்தியானமும். நான் வேணும்னா அடிக்கிறேன்னு சொன்னாலும் விட மாட்டேங்கிறாரு."

எனக்குக் கேட்டது. தவறாக ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அக்காவின் கார் மனை வாசலில் வந்து நின்றது. முதலில் சகலை இறங்கினார். நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்படிச் செய்பவர் அல்ல. என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தார்.

"எப்ப ஆரம்பிச்சீங்க சகலை?"

"எதை?"

"தண்ணிதான்."

"கல்லு போட்ட அன்னையிலேருந்து."

"காலங்கார்த்தாலேயேவா?"

"காலையிலதான் முக்கியம் அண்ணே. விட்டுட்டா கல்லு வெடிச்சிடும்."

அவர் முகம் மாறியது. "கிட்னியிலயா?"

அதற்குள் அக்கா வந்துவிட்டார். "தம்பி, சுத்தி வளைக்க மாட்டேன். குடிக்கிற வீட்டுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கையில் குழாய் இருந்தது. சாக்கைத் தூக்கிக் கற்கள்மேல் பீய்ச்சிக் காட்டினேன்.

சகலை அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். மேஸ்திரி ஓடி வந்தார். "ஐயையோ, நான் இதத்தாம்மா சொன்னேன்!"

"கல்லுக்குன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா நாக்கு தேஞ்சிடுமாய்யா? விடிய விடிய இவ என்னைத் தூங்க விடல. என் சகவாசத்துல கெட்டாராம்!" என்றார் சகலை.

அக்கா சிரிக்கவில்லை.

"குடிக்கிறீங்கன்னதும் கோவம் வந்துச்சு. ஒரு பக்கம், அப்பாடா, இவரும் மனுஷன்தான்னும் இருந்துச்சு. அவ போன அன்னைக்குக்கூட உங்க கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல. போன்ல பேசினா 'ம்', 'சரி'. இப்படி இருக்கிறவர்கிட்ட ஒரு குழந்தை எப்படி இருக்கும்?"

"அழுகை வரல அக்கா" என்றேன். "கொசு வந்தா என்ன செய்வேன்னும் தெரியல. ஆனா அவ வேணும்."

அக்கா போய்க் கார் கதவைத் திறந்தார். கொசுவை இறக்கி அழைத்து வந்தார். தூங்கி எழுந்த முகம், கலைந்த தலை. என்னைப் பார்த்து ஓடி வரவில்லை. பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் அக்கா.

கழுவினேன். என்னை ஒரு கல் அடுக்கின்மேல் உட்காரவைத்து, கொசுவை எனக்கு முன்னால் நிறுத்தி, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார்.

"மூணாப் பிரிங்க. ஓரத்துல இருக்கிறது நடுவுல வரணும். அப்புறம் இந்தப் பக்கம். அட, அது இல்ல, இது!"

முதல் பின்னல் பாதியில் அவிழ்ந்தது.

"வலிக்குதுப்பா."

"மெதுவா, தம்பி. கம்பி கட்டுற மாதிரி முறுக்காதீங்க."

இன்னொரு முறை பிரித்தேன். கொசு தலையை ஆட்டாமல் நின்றாள். சிறிது நேரம் கழித்து, "சும்மாவே பின்னுறியே, ஏதாவது பேசுப்பா" என்றாள்.

மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாட்டிலிருந்து பெரியம்மா வீட்டுப் பூனைக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பையனின் விழுந்த பல்லுக்குப் போனாள். நடுநடுவே "அப்புறம்?" என்றேன். இரண்டாவது பின்னல் கோணலாக வந்தது. ஆனால் நின்றது.

அக்கா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"சனிக்கிழமை துணிமணியோட கொண்டாந்து விடுறேன். அதுவரைக்கும் கயித்துல பின்னிப் பழகுங்க."