பெரியவள் பாதி, சின்னவள் பாதி

ஹார்ட் டிஸ்க் கரகரவென்று இரும ஆரம்பித்து மூன்று நாளாகிவிட்டது. "இன்னைக்கோ நாளைக்கோ கண்ணை மூடிரும்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாயங்காலம் பழைய சாமான் கடையில் போடச் சொல்லி சித்தப்பாவிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு. மறுநாள் பெரியவள் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள்.

சின்னவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கதை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, இடுப்பால் இடித்துத் தள்ளிக்கொண்டு, அக்கா ஒரு பக்கம் தங்கை ஒரு பக்கமாக ஒன்பது வருஷம் டைப் அடித்த கதை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"கதையை மட்டும் காப்பி பண்ணா போதாதாடி?"

"போதாது. அந்த நீலத் திரை, கோணல்மாணலா கிடக்கிற ஃபைலு, மொத்தமும் வேணும்."

அதனால் முந்தின நாளே டிஸ்க் முழுவதையும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்தார்கள். அதை வேறு கம்ப்யூட்டரில் சொருகினாலும் பழையதே எழுந்து உட்கார வேண்டும். யாரும் திறக்காதபடி பூட்டும் போட்டாயிற்று. பாஸ்வேர்டை ஆளுக்குப் பாதியாக, ஒருத்திக்கொருத்தி காட்டாமல் அடித்தார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி படித்துவிடக் கூடாதாம்!

"எழுந்து நடக்குதான்னு பாக்காம பழசை அழிக்க விடமாட்டேன்" என்றாள் சின்னவள். பெரியவளின் லேப்டாப்பில் டிஸ்கைச் சொருகித் தன் பாதியை அடித்தாள். ஊருக்குக் கொண்டுபோகும் துணிப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெரியவள் ஓடி வந்து தன் பாதியை அடித்தாள்.

தவறு என்றது திரை. இன்னொரு தரம். தவறு. வாசலில் சித்தப்பாவின் ஹாரன் கேட்டது.

"நேத்து யாருடி முதல்ல அடிச்சது?"

"நீதான். பொறந்ததுலேருந்து எதுலதான் நீ முந்தல?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே பெரியவள் முதலில் அடித்தாள், சின்னவள் முடித்தாள். புது லேப்டாப்பில் பழைய நீலத் திரை விரிந்தது. கோணல்மாணல் ஃபைல்கள் அப்படியே கிடந்தன.

கதையின் கடைசிப் பக்கம் பெரியவளின் முறை. பாதியில் நின்றிருந்தது.

"நாலு மாசமா அந்தப் பொண்ணை மழையிலேயே நிக்க வச்சிருக்கியேக்கா. ஜன்னி வந்துரும்."

பெரியவள் குனிந்து இரண்டே சொல் அடித்தாள்: 'மழை விட்டது.' சேமித்தாள்.

சின்னவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அந்தப் பழைய டிஸ்குக்குள் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது. அக்காவின் அந்த வரி இனி இந்த நகலில் மட்டும்தான்.

"சித்தப்பா, கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, அழிக்கும் பொத்தானைத் தானே அழுத்தினாள்.