தாமதமாக வருகிறவன்

“அந்தக் காது வேண்டாம் குட்டி, அது ரெண்டு நாளாத் தூங்குது. இந்தப் பக்கம் வா” என்றான் அண்ணன்.

அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, இயர்போனை அவனுடைய வலது காதில் வைத்தாள். சின்ன வயதில் சண்டை வந்தால் இந்தக் காதைத்தான் பிடித்துத் திருகுவாள். இப்போது தொடவே பயமாக இருந்தது.

“கஸ்டம்ஸ் திறந்தாச்சா?”

“திறந்தாச்சு. பெட்டிய வை.”

கஸ்டம்ஸ் என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பெயர். எந்தப் புதுப் பாட்டும் பழைய சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்விட முடியாது. பகல் முழுவதும் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருப்பான். ரேடியோவில் புதிதாக ஒரு ராக் பாட்டு வந்தால் போதும், கை அப்படியே நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடுவான். கிட்டார் இவங்ககிட்டேர்ந்து வந்தது, டிரம்ஸ் அவங்ககிட்டேர்ந்து வந்தது, மிச்சம் இருக்கிறதுதான் இந்தப் பசங்களோட சொந்தச் சாமான் என்பான். பழைய குழுக்களை அவற்றின் பெயரால் அவன் சொன்னதே கிடையாது. எல்லாம் அவனாக வைத்த பெயர்கள். தாடிக்காரங்க, அழுமூஞ்சிங்க, கோட்டு போட்ட மூணு பேர். கல்யாணமான புதிதில் அண்ணி அவன் பிறந்தநாளுக்குக் கேசட் வாங்கக் கடைக்குப் போய், ‘அழுமூஞ்சிங்க இருக்கா’ என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். வெறுங்கையோடு வந்தவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி. கேட்கிறவர் வாயைத் திறந்து ‘தோத்தேன்’ என்று சொன்னால்தான் விடையைச் சொல்லலாம். அண்ணன் இதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இன்று பெட்டியில் இருந்தது அவள் பாடுகிற ராக் குழுவின் பாட்டு. நாலு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பகலில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். பேஸ் கிட்டார் வாசிப்பவள் கணக்கு டீச்சர். ஒத்திகை நடுவில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், இன்னொருவருக்கு வீட்டிலிருந்து போன் வரும். இருந்தாலும் விடாமல் வாசித்தார்கள். இந்தப் பாட்டைப் பதிவு செய்து முடித்ததும் முதல் வேலையாக இங்கே எடுத்து வந்திருந்தாள்.

அவள் பாட்டை ஓடவிட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கிட்டார், தாடிக்காரங்க” என்றான் உடனேயே. “மறைக்கக்கூட இல்லையே நீ. வாசல் வழியாவே கூட்டிட்டு வந்துட்ட.”

“அப்புறம்?”

“அந்த டிரம்ஸ் உருட்டல் கோட்டு போட்டவங்களோடது. உங்க டிரம்மருக்கு முட்டி வலி, அதான் பாதியில நிறுத்திட்டாரு.” மூச்சு வாங்க நிறுத்தினான். “வரி முடியற எடத்துல கொரல இறக்கற பாரு, அழுமூஞ்சிங்க. உனக்கு அழுகையும் வரல.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு சட்டென்று புருவம் சுருங்கியது.

“இரு, இரு. இன்னொருத்தன் இருக்கான்.”

“யாரு?”

“பல்லவில எல்லாரும் மொதத் தட்டுல, ஒண்ணுல வந்து எறங்கறாங்க. பேஸ் வரல. ஒண்ணு காலியாப் போகுது. ரெண்டுலதான் வரான், பக்கத்து ரூம்லேர்ந்து கூப்பிட்டு வந்தவன் மாதிரி.” கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். “இவன எனக்குத் தெரியும் குட்டி. யாரு இவன்?”

“கண்டுபிடி” என்றாள், போர்வையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டு.

அவளுக்கு விடை தெரியும். அது அவன்தான்.

அவளைவிடப் பத்து வயது மூத்தவன். பக்கத்து அறை அவனுடையது. அவளுடைய கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டியிருந்தது. அண்ணனுக்கு அப்போது ஒரு ராக் குழு உண்டு, மூன்று பேர். ஒத்திகை வேறெங்கோ நடக்கும். வீட்டில் அவன் தனியாக பேஸ் கிட்டாரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதை மனதுக்குள் ஓடவிட்டுத் தன் பங்கை மட்டும் வாசிப்பான். சுவர் வழியாக அந்தக் கனத்த சத்தம் மட்டும் வரும். நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கும், அப்புறம்தான் அவன் வருவான். வந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தக் குழு சில மேடைகளோடு கலைந்துபோனது. ஒரு பாட்டைக்கூட அவர்கள் பதிவு செய்யவில்லை. அவன் கிட்டாரை விற்றுவிட்டு மருந்துக்கடைக்குப் போனான்.

புதுப் பாட்டில் அவள் இதை வேண்டுமென்று வைக்கவில்லை. பேஸ் எப்படி வரவேண்டும் என்று வாயால் பாடிக் காட்டியபோது தானாக அப்படித்தான் வந்தது. “இது தப்பு, ஒண்ணுல வரணும்” என்று கணக்கு டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவள் விடவில்லை. பதிவான பாட்டைப் பேருந்தில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் யாரென்று தெரிந்தது. இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டாள்.

இதை அவனிடம் சொல்ல முடியாது. விதி ஒரு பக்கம். சொன்னால் நம்பமாட்டான் என்பது இன்னொரு பக்கம். ‘சாகப்போறவன் கையில மிட்டாய் குடுக்கறியா’ என்பான். முகஸ்துதி என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். போவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். காலையிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அவன் விடவில்லை. அண்ணியிடம் பரணிலிருந்து கேசட் பெட்டியை இறக்கச் சொன்னான். அண்ணி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். அரை நிமிடம் கேட்பான், இல்லை என்று தலையசைப்பான். கட்டில் ஓரம் முழுக்கக் கேசட்டாக ஆனது.

“உயிர வாங்காதீங்க. யாரா இருந்தா என்ன?” என்றாள் அண்ணி.

“வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து நிக்கறான், யாருன்னு கேக்க வேண்டாமா?”

மதியத்துக்கு முன், தினமும் வீட்டுக்கு வருகிற நர்ஸ் வந்தாள். மருந்தை ஊசியில் ஏற்றும்போது அண்ணன் கேட்டான்.

“எக்ஸ்பைரி பாத்தீங்களா?”

நர்ஸ் திகைத்துப்போய் அண்ணியைப் பார்த்தாள்.

“என்னோடது இல்லம்மா. மருந்தோடது.”

நர்ஸ் சிரித்தபடியேதான் ஊசியைப் போட்டாள். ஆனால் நடைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வரவேண்டியவங்க யாராவது இருந்தா இன்னைக்கே வரச் சொல்லிடுங்க.”

அண்ணி சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. பின்னாலேயே போன அவளைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“உனக்குத் தெரியும்ல? காலைலேர்ந்து உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருக்கேன். யாருன்னு சொல்லித் தொலையேன். மனுஷன் நிம்மதியாப் போகட்டும்.”

“அண்ணன்தான் அண்ணி.”

“என்ன அண்ணன்?”

“அப்படி வாசிச்சது. அவன்தான்.”

அண்ணி குழாயை மூடினாள்.

“நான் இவர் வாசிச்சுக் கேட்டதே இல்ல” என்றாள் பிறகு. “நான் வரும்போது எல்லாத்தையும் வித்து முடிச்சிருந்தாரு. கேட்டா, ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா ஊரோட சேந்து சத்தம் போட்டோம்’னுவாரு.” ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். “குடு. எந்த எடம்னு சொல்லு.”

அவள் இயர்போனைக் கொடுத்து, பல்லவி வருகிற இடத்துக்குப் பாட்டைத் தள்ளி வைத்தாள். அண்ணி சுவரைப் பார்த்தபடி நின்று கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு முறையும் போடச் சொன்னாள்.

“இதுதானா” என்றாள் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “இவ்வளவு அழகா ஒண்ண வச்சுக்கிட்டு, எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு.”

மதியம் அவனுக்கு மூச்சு திணற ஆரம்பித்தது. விழிப்பதும் கண் செருகுவதுமாக இருந்தான். இனிமேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அவளுக்குப் பட்டது. விதியாவது மண்ணாங்கட்டியாவது.

“அண்ணா. தோத்தேன்னு சொல்லு.”

“மாட்டேன்.”

“சரி, சொல்லாதே. அது நீதான்.”

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

“எது?”

“அந்த ரெண்டுல வரவன். நீதான் அண்ணா. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு தெனமும் கேப்பேன். எனக்கே தெரியாம உள்ள போயிருக்கு.”

அவன் யோசித்தான். யோசிக்கக்கூட இப்போது அவனுக்கு மூச்சு தேவைப்பட்டது. அண்ணி மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“நானா? ச்சே. நான் அவசரக்காரன் குட்டி. எப்பவும் முந்திப் போயிடுவேன். அதுக்குத்தான் திட்டு வாங்குவேன்.”

“இல்ல. நீ லேட்டாத்தான் வருவ.”

“செவுருதான் லேட் பண்ணிருக்கும்” என்றான். சிரிக்கப் போனது இருமலாக வந்தது. அண்ணி தூக்கிப் பிடித்து நெஞ்சை நீவிவிட்டாள். அடங்கியதும், “இன்னொரு தடவ போடு” என்றான்.

அவள் போட்டாள். முழுப் பாட்டையும் கேட்டான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தா வரும், இந்தா வரும் என்று இருந்தது. பாட்டு முடிந்தது.

“இல்ல குட்டி. இவன் என்னைவிட நல்லா வாசிக்கறான்.” கண்ணை மூடிக்கொண்டான். “நீ சொல்லாத. நானே கண்டுபிடிக்கறேன்.”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் அடையாளம் தெரிந்தவனுக்குத் தன்னைத் தெரியவில்லையே என்று. பிறகு அவன் தூக்கத்தில் மூச்சு விடுகிற விதம் மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு முறையும் இருவரும் காத்திருந்தார்கள், தாமதமாக ஆனாலும் வந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரத்தில் மறுபடி காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணிதான் முதலில் எழுந்து அவன் மூக்கிலிருந்த குழாயை எடுத்தாள்.

மறுநாள் காலை தகன மண்டபத்தின் சிறிய அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் மருந்துக்கடை வாடிக்கையாளர்கள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தது இன்னும் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது என்று ஒரு பெண் அழுதாள்.

அண்ணனைக் கிடத்தியிருந்த பெட்டியின் அருகே அவள் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு நடுவில் ஒரு சந்தேகம் அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னதே நிஜமாக இருந்தால்? சின்னப் பிள்ளை, பாதித் தூக்கம், நடுவில் ஒரு சுவர். இல்லாத ஒன்றைத் தானாகக் கற்பனை செய்து வைத்துக்கொண்டிருக்கிறாளோ? ஒரு பதிவும் கிடையாது. கேட்க வேண்டியவனோ பெட்டிக்குள் கிடக்கிறான். போகிற நேரத்தில் அவனிடம் பொய்யைச் சொல்லிவிட்டோமோ?

எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய உருவம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தது. அண்ணி எழுந்து போனாள்.

“நேத்து நீங்கதானேம்மா போன் பண்ணினது? கார் ஓட்டக் கத்துக் குடுக்கற ஸ்கூல் வச்சிருக்கேன். காலைல கிளாஸ் இருந்தது, அதான் லேட்டு.”

“அவர் போன்ல உங்க நம்பர் ‘இடி’ன்னு போட்டிருந்தது. எலக்ட்ரீஷியன்னு நெனச்சேன்” என்றாள் அண்ணி.

“அது அவன் வச்ச பேரு.” பெட்டியைப் பார்த்தார், பார்வையை விலக்கிக்கொண்டார். “நாங்க ஒண்ணா வாசிச்சோம். நான் டிரம்ஸ்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவரிடம் கேட்டுவிடலாம். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவரும் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளிடம் ஒன்றுமே மிஞ்சாது. இடி அவளுக்கு எதிர்வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அண்ணி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். பாட்டைப் போட வேண்டும் என்பது அண்ணியின் விருப்பம். அவள் எழுந்துபோய்ச் சின்ன ஸ்பீக்கரை முடுக்கினாள். மருந்துக்கடை வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்டார் வந்தது, டிரம்ஸ் உருண்டது, அவளுடைய குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. இடியின் வலது பாதம், அவர் அறியாமலேதான் இருக்கவேண்டும், தாளத்துக்குத் தட்டத் தொடங்கியிருந்தது.

முதல் பல்லவி வந்தது. பேஸ் ஒரு தட்டு பிந்தி உள்ளே நுழைந்தது. இடி தலையை நிமிர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். திரும்பவும் தரையைப் பார்த்துக்கொண்டார். பாதம் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பல்லவிக்கு எல்லோரும் சேர்ந்து ஒன்றில் வந்து இறங்கினார்கள். பாட்டில் வாசித்த டிரம்மரும் இறங்கிவிட்டார். இடியின் பாதம் மட்டும் இறங்கவில்லை. குதிகால் தரையில் ஊன்றியிருக்க, செருப்பின் முனை மேலே தூக்கியபடி, பழகிய ஒருவனுக்குக் காத்திருப்பதுபோல, அப்படியே நின்றது. பேஸ் வந்தது. பாதம் அதோடு சேர்ந்து இறங்கியது.

அவள் அண்ணியைத் தேடினாள். அண்ணியும் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.