ஒரு சாண் கீழே

தேயிலை எஸ்டேட்டை நடத்திய டக்ளஸ் துரையின் மோட்டார் சைக்கிளில் நான் ஏறி உட்கார்ந்தது என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் கதவு சாத்திய ஷெட்டுக்குள், வண்டி ஓர் அடிகூட நகராமல். தேவாலாவில் மழை பிடித்துக்கொண்ட ஆனி மாதம். முந்தின நாள் துரை ஓடைப் பாலத்தருகே சறுக்கி விழுந்திருந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. முன்விளக்குக்குத்தான் கழுத்து திரும்பிவிட்டது. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் அயூபிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

விளக்கை நேராக்குவது சும்மா கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை என்பார் அவர். வண்டியைச் சுவரிலிருந்து பத்துத் தப்படி தள்ளி நிறுத்த வேண்டும். விளக்கு எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் கரிக்கோடு போட வேண்டும். பிறகு சீட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டும்; ஆள் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் வெளிச்சம் இடம் மாறுமாம். எப்போதும் உட்காரும் வாட்ச்மேன் காய்ச்சலில் படுத்திருந்தான். எங்கள் வீடு ஃபேக்டரிக்குப் பின்னாலேயே இருந்ததால் என்னைக் கூப்பிட்டார். "கதவச் சாத்திட்டேன், யாரு பாக்கப் போறா, ஏறி உக்காரு" என்றார். முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், இப்போது அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் விளக்குக்குள் கார்பைடுக் கட்டியைப் போட்டுத் தண்ணீரைச் சொட்டவிட்டு, எழும்பிய வாயுவைக் கொளுத்தினார். சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது, கரிக்கோட்டுக்கு வெகு மேலே.

"துரை இப்படித்தான் மேல வேணும்பாரு. ரோட்டுக்கு மேல இருக்கற சரிவெல்லாம் தெரியணுமாம்" என்றார்.

சரிவு எதற்குத் தெரிய வேண்டும் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். கூலியாட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து இறங்குகிற குறுக்குப் பாதை அந்தச் சரிவில்தான் வருகிறது. ஓடை வளைவில் ரோட்டைத் தாண்டினால் கூடலூர்ப் பக்கம் போய்விடலாம். ஒப்பந்தம் முடியாமல் ஓடுகிறவர்கள் அப்படித்தான் ஓடினார்கள். தினம் அந்தியில் துரை பங்களாவிலிருந்து லைனுக்கு ஏறி ஒரு சுற்று வருவதும் அதற்காகத்தான்.

அன்று காலையில்தான் மூக்கம்மா என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். ஃபேக்டரியில் தேயிலைத் தூளில் காம்பு பொறுக்குகிறவள். மத்தியானம் என் அடுப்பில்தான் கஞ்சியைச் சுடவைத்துக் குடிப்பாள். உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் வீட்டில் விட்டு வந்த ஆறு வயது மகள் ராக்கம்மாவுக்கு அம்மை போட்டு, கண் திறக்கவில்லை என்று ஆள் மூலம் சேதி வந்திருந்தது. லீவு கேட்டாள். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் கிடக்கிறது என்று துரை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நாளைக்கு அந்தியில போயிர்றேன்க்கா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்றாள்.

நான் சீட்டில் உட்கார்ந்தபடியே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழ இறக்கிருங்க."

அவர் ஸ்பேனரோடு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "துரை கேட்டா என்ன சொல்றது?"

"நீங்கதான சொல்லுவீங்க, மூட்டத்துல வெளிச்சம் மேல போனா கண்ணத்தான் கூசும், கீழ இருந்தாத்தான் ரோடு தெரியும்னு. அதையே சொல்லுங்க."

அது நிஜம்தான். நிஜத்தை வைத்தே ஒரு பொய் சொல்ல முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அவர் இரண்டு பக்கத்து போல்ட்டையும் தளர்த்தி விளக்கைக் குனியவைத்தார். வெளிச்சம் கோட்டைத் தாண்டி இறங்கியது. "போதுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். "துரைசானி உத்தரவுங்க" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இறக்கினார். கோட்டுக்கு ஒரு சாண் கீழே கொண்டுவந்து முடுக்கினார். துரையும் மறுநாள் காலை அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போனார்.

அன்று அந்தியிலேயே மூக்கம்மா பிடிபட்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது அவளை மட்டும் தனியாக மழையில் நிற்கவைத்தார்களாம். அதன்பின் ஆட்களைக் கண்காணிக்கிற மேஸ்திரி வீட்டிலேயே அவள் படுக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்றாம் நாள்தான் அவளை என் அடுப்பங்கரைக்கு விட்டார்கள். சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாறையில வெளிச்சமே விழலக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எந்தப் பாறை என்றேன்.

ஓடைக்கு எதிரே இருக்கிற வெள்ளைப் பாறை. துரை வண்டி ஏற்றத்தில் வரும்போது, வளைவு திரும்புவதற்கு முன்னால், விளக்கு அந்தப் பாறையில் அடிக்குமாம். மழைக்காலத்தில் ஓடை இரைச்சலில் வண்டிச் சத்தம் கேட்காது. லைன்காரர்களுக்கு அந்த வெளிச்சம்தான் துரை வருகிற அடையாளம். விறகு ஒடிக்கப் போனவர்கள் அதைப் பார்த்துத்தான் ஒளிவார்கள். ஓடுகிறவர்கள் அதைப் பார்த்துப் புதரில் பதுங்கி, வண்டி மேலே போனபின் ரோட்டைத் தாண்டுவார்கள்.

"பாத்துக்கிட்டே நின்னேன்க்கா. இருட்டிக்கிட்டு வருது, பாறை வெளுக்கவே இல்ல. இன்னைக்குத் துரை வரலேன்னு நெனச்சு ரோட்டுல எறங்கிட்டேன். வளைவுல திரும்பின வெளிச்சம் நேரா எங் காலு மேல விழுந்துச்சு."

நானும் அதைத் தினம் பார்த்தவள்தான். எங்கள் பின்வாசலில் நின்றால் பாறையும் தெரியும், லைனும் தெரியும். அந்தியில் பாறை ஒரு நொடி வெளுக்கும். அழகாக இருக்கிறதே என்று பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "விளக்கை இறக்கச் சொல்லட்டுமா" என்று அவளிடம் முன்னாடியே கேட்டிருக்கலாம். நல்லது செய்யப் போகிறவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இறக்கச் சொன்னது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறுது, குடி என்றேன்.

எட்டாம் நாள் ஊரிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் சேதி கொண்டுவந்தான். பிள்ளை போய் நான்கு நாளாகிவிட்டதாம். கடைசிவரை கண் திறக்கவில்லை, குரல் கேட்கிற பக்கமெல்லாம் கையை நீட்டினாளாம். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று தப்பியிருந்தால் பிள்ளை போவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே மூக்கம்மா ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். துரைக்கும் இரக்கம் வந்தது. பத்து நாள் லீவு கொடுத்தார். மூக்கம்மா வாங்கவில்லை. "இனி யாரப் பாக்கப் போறதுக்கு" என்றாளாம்.

என் வீட்டுக்காரரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வண்டி செயின் மாற்ற ஷெட்டுக்கு வந்த அன்று நான் வாசல்வரை போய் நின்றேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு சாக்கில் கழிவுத் தூளை நிரப்பிச் சீட்டின் மேல் தூக்கி வைத்தார். நான் உட்கார்ந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, விளக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றி முடுக்கினார். சுவரில் அந்தக் கரிக்கோடு அப்படியே இருந்தது.

அன்று அந்தியில் பின்வாசலில் நின்றேன். தூறல். ஓடை இரைந்தது. பாறை சட்டென்று வெளுத்தது. லைன் பக்கம் யாரோ ஒரு பெண் விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுப் புதருக்குள் குனிந்தாள். இன்னும் இரண்டு பேர் ஓடி உள்ளே போனார்கள். மேஸ்திரி வீட்டிலிருந்து மூக்கம்மா மட்டும் வெளியே வந்தாள். மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொள்ளவில்லை. தலை நனைய முற்றத்தில் நின்று, வெளிச்சம் பாறையைவிட்டு நகர்ந்து போகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.