ஒரே ஒரு புது டயர்

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி சார் இது. ஒரு டயர் மட்டும் புதுசுன்னா அது மட்டும் உயரமா நிக்கும். நாலும் ஒரே வேகத்துல சுத்தாது. நடுவுல இருக்கிற கியர்பெட்டி சூடேறி ஒருநாள் இறுகிடும். நாலையும் மாத்துங்க."

"வீட்டுக்காரி கடைக்குப் போற வண்டிதானே? ஒண்ணு போதும்ப்பா," என்றார் வந்தவர்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

சும்மா கிடந்த ஒரு புது டயரைத்தான் அவனும் தன் மனைவியின் இதே மாதிரி வண்டிக்கு மாட்டியிருந்தான். திரும்பும்போது வண்டி முரண்டு பிடிக்கிறது என்று அவள் மூன்று முறை சொன்னாள். ஊரார் வண்டி முடியட்டும் என்று தட்டிக்கழித்தான். பிறகொரு மழைநாளில், வளைவில், வண்டி இறுகிச் சறுக்கியது. அவள் வீடு திரும்பவில்லை.

"ஒண்ணு போதும்னுதான் சார் நானும் சொன்னேன்," என்றான்.